78 சூறாவளி: வகுப்பறையில் ஒரு சின்ன வரலாற்று ஆய்வு

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ வரலாறு படிப்பிக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்கள் ஊரின் வரலாற்றை எழுதி வாருங்கள்" என்று ஒப்படை கொடுத்தால், பிள்ளைகள் எங்கோ பார்த்தெழுதிய பக்கங்களோடுதான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கேள்வி அவ்வளவு அகலம். ஆகவே ஒரேயொரு இரவை எடுப்போம்: 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. மட்டக்களப்பில் சூறாவளி கரை கடந்த இரவு.

இந்த இரவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று பத்து வயதாயிருந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டியிருப்பார்கள். அநேகமான வீடுகளில் ஓர் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பார். யுத்தத்தையும் சுனாமியையும் முதல் ஒப்படைக்கு எடுக்க வேண்டாம். ஆறாத காயத்தைப் பிள்ளை கொப்பியோடு போய்த் தொடக்கூடாது.

படி 1: சின்னக் கேள்வி

வகுப்புக்கு ஒரே கேள்வி: அன்றிரவு எங்கள் ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது?

முதலில் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறிக் காட்டுங்கள். நமது பக்கத்துச் சூறாவளி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழலும். அது கிழக்கே கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும்போது, நேர் பாதையில் இருக்கும் ஊருக்கு முதலில் வடக்கிலிருந்து காற்று வரும். மையம் மேலே வந்ததும் சற்று நேரம் அமைதி. அப்புறம் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். பாதைக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கிழக்குப் பக்கமாகத் திரும்பும், தெற்கே உள்ள ஊர்களில் மேற்குப் பக்கமாக. அப்படியென்றால் பெரியவர்களின் நினைவை வைத்தே மையம் எந்த வழியால் போனது என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கலாம்.

படி 2: கேட்கும் விதம்

இதில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். "சூறாவளி எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பயங்கரம்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். திசையை நேரே கேட்டாலும் பலருக்குச் சொல்ல வராது. ஆனால் எந்தக் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதை மறக்கமாட்டார்கள். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: எந்தக் கதவைப் பிடித்தீர்கள்? அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது? கிடுகோ ஓடோ எந்தப் பக்கத்தால் முதலில் கிளம்பியது? இடையில் காற்று நின்றதா? விடிந்து பார்த்தபோது தென்னைகள் எந்தப் பக்கம் விழுந்து கிடந்தன?

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயரை அவர்கள் சொன்னால் அப்படியே எழுதட்டும். திசையைப் பிறகு குறிக்கலாம். அந்த வீடு இருந்த வளவு இன்னும் இருந்தால் பிள்ளை அங்கேயே போய், கைபேசியின் திசைகாட்டியால் வாசல் பக்கத்தைச் சரிபார்க்கட்டும்.

ஒலிப்பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பேசுபவர் கண் கலங்கினால் கேள்வியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்றிரவு உறவுகளை இழந்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 3: வரைபடம்

வாழைச்சேனை, ஏறாவூர், கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரத்தை ஒரு பெரிய தாளில் கீறுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அம்புக்குறி. முதலில் அடித்த காற்றுக்குச் சிவப்பு, பிறகு அடித்ததற்கு நீலம், இடையில் அமைதி இருந்த இடத்துக்கு ஒரு வட்டம். தூரத்து ஊர்களில் உள்ள சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கலாம்.

படி 4: எழுத்துச் சான்று

பாடசாலை பழையதென்றால் அதிபரிடம் சம்பவத்திரட்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். 1978 நவம்பர் கடைசிப் பக்கங்களில் கூரை போனது, பாடசாலை மீண்டும் தொடங்கிய நாள் போன்றவை பதிவாகியிருக்கக்கூடும். பழைய பத்திரிகைகளுக்கு ‘நூலகம்’ (noolaham.org) என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் தேடுங்கள், இலவசம்தான்.

ஒரே ஒழுங்கையில் இருவர் எதிர்மாறாகச் சொன்னால் ஒன்றை அழிக்க விடாதீர்கள். ஒருவர் முன்னிரவுக் காற்றைச் சொல்லியிருப்பார், மற்றவர் திருப்பி அடித்ததை. அந்தப் பிள்ளைகளை இன்னொரு தரம் அனுப்பி, காற்று நிற்பதற்கு முன்பா பின்பா என்று மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பொருந்தாவிட்டால் இரண்டு அம்புக்குறிகளும் வரைபடத்தில் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.