நூலகத்தில் குடும்பப் பட நாள் நடத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் வீடுகளில் பழைய படங்கள் பிஸ்கட் டப்பாவிலும் துணி அலமாரியின் மேல்தட்டிலும் கிடக்கின்றன. படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் வீட்டுக்கு ஒருவர்தான் மிஞ்சியிருப்பார், அவருக்கும் வயதாகியிருக்கும். கிளை நூலகத்தில் அரை நாள் ஒதுக்கி, அக்கம்பக்கத்துக் குடும்பங்களைப் படங்களோடு வரவழைத்து, ஸ்கேன் செய்து, விவரம் கேட்டுப் பதியலாம். அதற்கு ஓர் அறை, இரண்டு ஸ்கேனர், எட்டுப் பேர் போதும். நடத்துகிறவர்கள் கவலையெல்லாம் ஸ்கேனரைப் பற்றியே இருக்கும், ஆனால் இந்த நிகழ்ச்சி கெடுவது அங்கே இல்லை. இருநூறு படம் எடுத்து வைத்து, இருபதுக்குக்கூடப் பெயர் இல்லாமல் முடிகிறது பாருங்கள், அதுதான் உண்மையான தோல்வி. ஆகவே நல்ல ஆட்களை ஸ்கேனரில் உட்கார வைக்காதீர்கள். படத்தின் விவரம் கேட்டு எழுதும் பேச்சு மேசைக்கு அனுப்புங்கள்.

நாளும் அறையும்

கிளை நூலகரை ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் போய்ப் பாருங்கள். அறை காலியாக இருந்தால் மட்டும் போதாது. மாத நிகழ்ச்சி நிரலில் சேர வேண்டும், சில இடங்களில் நகராட்சி மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: கட்டணம் இல்லை, விற்பனை இல்லை, எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மின்செருகிகள் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நூலக வாரம் மார்ச்சில் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் முதல் பொது நூலகத்துக்கான அறிவிப்பு 1818 மார்ச் 20 அன்று வெளியானது. செப்டம்பர் 24 பாரம்பரிய தினம். 1860இல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்த நாள் நவம்பர் 16. இந்த மூன்றையும் ஒட்டி வைத்தால் நூலகத்துக்கும் விளம்பரம் எளிது. ஆனால் பாரம்பரிய தினத்தை ஒட்டி வைத்தாலும் புரட்டாசிச் சனிக்கிழமைகள் வேண்டாம். விரதமும் பூசையுமாக வீட்டுப் பெரியவர்கள் அசைய மாட்டார்கள். காவடி வாரமும், மாதக் கடைசிச் சனியும் வேண்டாம். சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமையில் காரோட்ட ஆள் கிடைக்காது, கார் இல்லாமல் பாட்டி வர மாட்டார். பல கிளைகள் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும் என்பதால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை குடும்பங்களுக்கு, அதன்பின் அரை மணி ஒதுங்கவைக்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டு முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனாலும் அதை நம்பி நாள் குறிக்கக் கூடாது. ஒரு முறை போனால் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் போகும், அதாவது உங்கள் நிகழ்ச்சியில் பெரும்பகுதி. மடிக்கணினி பேட்டரியில் ஓடும். மேசை ஸ்கேனருக்குச் சிறு யூபிஎஸ் ஒன்று வேண்டும், அல்லது யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனராகப் பார்த்து வாங்கவோ இரவல் கேட்கவோ வேண்டும்.

எத்தனை குடும்பம்

குடும்பத்துக்குப் பத்துப் படம் என்று வரம்பு வையுங்கள். ஆல்பம் முழுவதையும் தூக்கி வருவார்கள். "உங்களுக்குப் பிடித்த பத்து" என்று சொல்லாமல், "பெயர் சொல்லத் தெரிந்த பத்து" என்று சொல்லியனுப்புங்கள்.

பத்துப் படம் ஸ்கேன் செய்ய அரை மணி, அவற்றைப் பற்றிப் பேச முக்கால் மணி. இரண்டு ஸ்கேனரும் மூன்று பேச்சு மேசையும் இருந்தால் மூன்று மணி நேரத்தில் கணக்குப்படி 12 குடும்பம் முடியும். பத்துக்கு மேல் பதிவு செய்ய வேண்டாம். யாராவது கட்டாயம் தாமதமாக வருவார்கள், யாராவது பேச்சை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தவும் கூடாது.

எட்டுப் பேரைப் பிரிக்கும் விதம்: வரவேற்பில் ஒருவர், ஸ்கேனருக்கு இருவர், பேச்சு மேசைக்கு மூவர், முன்னோர் வந்த கப்பல் பட்டியலில் பெயர் தேட ஒருவர், எல்லா மேசைக்கும் ஓடியாட ஒருவர். பேச்சு மேசையில் உட்காரும் மூவரில் ஒருவருக்காவது தமிழ் எழுத்து சரளமாகப் படிக்கத் தெரிய வேண்டும். படத்தின் பின்பக்கமும் ஊரிலிருந்து வந்த கடிதங்களும் தமிழில் இருக்கும், கொண்டுவரும் பேரப்பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே தெரியும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களில் புதிதாகத் தமிழ் கற்றவர்கள் தடுமாறுவார்கள், புள்ளி வைக்காமல் எழுதிய கையெழுத்து இன்னும் சிரமம். கோயில் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் யாரையாவது கேளுங்கள்.

தேநீர், முறுக்கு, சமூசா எல்லாம் வெளி நடையில். எண்ணெய் விரல் படத்தில் பட்டால் அந்தத் தடம் போகாது.

வரவேற்பு மேசை

வந்தவுடன் குடும்பத்துக்கு ஓர் எண், படம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். படத்தின் மேல் எழுதாதீர்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும், ஒட்டுச்சீட்டின் பசை காலத்தில் மஞ்சளாகும். ஒவ்வொரு படத்தையும் தனிக் காகித உறையில் இட்டு, படத்தைப் போடுவதற்கு முன்பே உறை மேல் எண் எழுதுங்கள். கணினிக் கோப்பின் பெயரும் இதே எண்தான்: 07-03-1 என்றால் ஏழாம் குடும்பம், மூன்றாம் படம், முன்பக்கம். கடைசி எண் 2 என்றால் பின்பக்கம். பெயரை வைத்துக் கோப்புக்குப் பெயரிட்டால் ஒரே காலையில் மூன்று கோவிந்தம்மா சேர்ந்துவிடுவார்கள்.

ஒப்புதல் படிவமும் இங்கேயே. மூன்று தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள்: குடும்பத்துக்கு மட்டும் பிரதி, நூலகம் ஒரு பிரதி வைத்துக் காட்டலாம், ஆவணக் காப்பகத்துக்கோ இணையத்துக்கோ தரலாம். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்குவது சுலபம், பின்னால் அதுவே சண்டை. போப்பியா என்று சொல்லப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் அடையாள எண் தெரியும் தாள்களை ஸ்கேன் செய்யாதீர்கள். குழந்தைகள் படத்தில் இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அன்றைய நிகழ்ச்சியை நீங்கள் எடுக்கும் படங்களுக்கும் இதே விதிதான்.

ஸ்டூடியோ முத்திரை உள்ள படத்துக்கு உரிமை யாருக்கு என்று யாராவது கேட்பார்கள். தாத்தா காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், 1978ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. பத்திரிகையிலிருந்து வெட்டிய படத்துக்கு இது பொருந்தாது.

ஸ்கேனர்

சாதாரண 6×4 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. கடிதம், ரசீது போன்ற தாள்களுக்கு 300 அல்லது 400 போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே எடுங்கள். பழுப்பேறிய நிறமும், கையால் பூசிய கன்னச் சிவப்பும் அப்போதுதான் பதியும். தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்தால் 6×4 படம் ஒன்று ஏறக்குறைய 26 எம்பி ஆகும். பத்துக் குடும்பத்தின் நூறு படத்துக்கும் முன்பின் இருபக்கமும் எடுத்தால்கூட 5.2 ஜிபிதான், ஆகவே இடத்துக்குப் பயந்து தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்குக் கொடுக்க மட்டும் அளவில் சிறிய ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கி வண்ணத் திருத்தம், கூர்மையாக்கம், தூசி நீக்கம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கும் மென்பொருளுக்கு மூக்குத்தியும் தூசிதான், சாந்துப் பொட்டும் தூசிதான். உண்மையான தூசிக்கு மென்தூரிகை போதும். கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். திரவம் வேண்டுமென்றால் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் நேராகத் தெளித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

தாள் உள்ளிழுக்கும் வகை ஸ்கேனரைப் பழைய படத்துக்குக் கிட்டவே கொண்டுவராதீர்கள். சுருண்ட படத்தை அழுத்தி நிமிர்த்தாதீர்கள், பூச்சு வெடிக்கும். மூடியை மெல்லச் சாத்தி, தானாக எவ்வளவு படிகிறதோ அவ்வளவே.

டர்பனின் ஈரக்காற்றில் ஒட்டுப்பக்க ஆல்பங்கள்தான் பெருந்தொல்லை. பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பசை இறுகி, படம் அட்டையோடு சேர்ந்திருக்கும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் செலுத்தி, அறுப்பதுபோல மெல்ல இழுத்தால் பல படங்கள் வரும். வராததை விட்டுவிட்டுப் பக்கத்தையே ஸ்கேன் செய்யுங்கள். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். சாமி படங்களோடு மாட்டி மாலை போட்ட படங்களில் இது அதிகம். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம்.

வருகிறவர்கள் கொண்டுவரும் யூஎஸ்பியை ஸ்கேன் கணினியில் செருகாதீர்கள். வைரஸ் ஏறினால் காலை முழுவதும் போயிற்று. பிரதிகளைப் புதிய யூஎஸ்பியில் நீங்களே கொடுங்கள்.

பேச்சு மேசை

இங்கே மட்டும் அவசரம் வேண்டாம். படிவத்தில் பெயர், உறவு, இடம், காலம், யார் சொன்னது என்று ஐந்து வரி. வீட்டில் கூப்பிடும் பெயரையும் எழுதுங்கள். பிறப்புச் சான்றில் உள்ள பெயர் தெருவில் யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

"இது எந்த வருஷம்?" என்று கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். "ஆயா, இது சாட்ஸ்வொர்த் வர்றதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட நினைவு எந்த நாட்காட்டியைவிடவும் தெளிவாக இருக்கும். யார் கல்யாணத்துக்கு முன், எந்தப் பிள்ளை கைக்குழந்தை என்று அடுத்தடுத்துக் கேட்டால் ஐந்து வருட வட்டத்துக்குள் வந்துவிடலாம். படமும் தாளும் தானே சாட்சி சொல்வதும் உண்டு. ரசீதில் பவுண்டு, ஷில்லிங் இருந்தால் அது பெரும்பாலும் 1961 பிப்ரவரியில் ராண்ட் வருவதற்கு முந்தையது.

சிலருக்கு அந்த இடமாற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரல் மாறும். அப்போது பேனாவைக் கீழே வையுங்கள். படிவம் நிரம்பாவிட்டால் பரவாயில்லை.

குரல் பதிவுக்குக் கைபேசியே போதும். விமான முறையில் போட்டு, மடித்த துணி மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதலில் அதன் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சு தொடங்க வேண்டும். "இது எங்க சித்தப்பா, இவர் பக்கத்தில் அவர்" என்ற பதிவை ஆறு மாதம் கழித்துக் கேட்டால், எந்தப் படம் என்று யாருக்கும் தெரியாது.

கப்பல் பட்டியல்

1860க்கும் 1911க்கும் இடையில் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு, அன்றைய பிரிட்டிஷ் காலனிக்கு, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், கிராமம் எல்லாம் இருக்கும். இதைக் கணினியில் தேடலாம், கூட்டம் சேரும் மேசை இதுதான்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதுதான் முதல் தவறு. இன்று குடும்பப் பெயராக இருப்பது பல வீடுகளில் வந்திறங்கியவரின் சொந்தப் பெயர்தான். ஆகவே தாத்தாவின் தாத்தா பெயர், அவர் தகப்பன் பெயர் இரண்டையும் கேட்டுத் தேடுங்கள். முனுசாமியை எழுத்தர் மூன்சாமி என்று எழுதியிருப்பார், கிருஷ்ணசாமியைக் கிஸ்ட்னசாமி என்று எழுதியிருப்பார். எழுத்தர் எழுதியிருக்கக்கூடிய ஒவ்வொரு வடிவத்துக்கும் முதல் மூன்று ஆங்கில எழுத்தை மட்டும் இட்டு, மாவட்டத்தை வைத்து வடிகட்டுங்கள். பழைய மணச்சான்றிலோ இறப்புச் சான்றிலோ காலனி எண் கிடைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. சொந்தக் காசில் கப்பலேறி வந்தவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதி, உடல் அடையாளம் ஆகிய பத்திகளைக் கூட்டத்தில் உரக்கப் படிக்காதீர்கள். திரையைக் குடும்பத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

அடுத்த இரண்டு வாரம்

அன்று மாலையே மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று வெளி வட்டில், ஒன்று வேறு கட்டடத்தில். ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் கட்டத்தில் ஒப்புதல் தந்தவர்களின் படங்களைப் பற்றி டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்திடமோ, வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்திடமோ பேசிப் பார்க்கலாம். விவரப் படிவம் இல்லாமல் வெறும் கோப்புகளை மட்டும் அனுப்பாதீர்கள்.

பெயர் தெரியாத முகங்கள் எப்படியும் மிஞ்சும். இரண்டாம் கட்டத்தில் ஒப்புதல் உள்ளவற்றை மட்டும் அச்சிட்டு, மூலப் படத்தைத் தொடாமல், நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் குத்தி வையுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் சிறு எண் இட்டு, கீழே வெற்று வரிகளும், நூலில் கட்டிய பென்சிலும் இருக்கட்டும். பதிலோடு, சொன்னவர் பெயரையும் நூலகரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே முகத்துக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதிவையுங்கள், எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.