சைக்கிள் சீன் எடுக்கப் போகிறீர்களா? முதலில் கேரியரைப் பாருங்கள்

நம்ம சினிமாவிலும் சீரியலிலும் ஒருத்தர் சைக்கிளில் வந்து இறங்கினால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய வருமானம் நமக்குத் தெரிந்துவிடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் அப்பா, நேர்மையான வாத்தியார், தந்தி கொண்டுவரும் தபால்காரர், கோழிக்கூடைக்குள் போய் விழுவதற்கென்றே பிறந்த காமெடியன், டியூஷனுக்குப் போகும் பெண், அவள் பின்னாலேயே போகும் ஹீரோ. இப்போது புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறார்: ஹெல்மெட்டும் இறுக்கமான உடையும் போட்டுக்கொண்டு ரோட்டை அடைத்துப் போய், எல்லோரிடமும் திட்டு வாங்கும் பணக்காரர். இவர்கள் எல்லோரிடமும் சைக்கிள் இருக்கிறது, ஆனால் அதை ஓட்டுகிற ஆளை மட்டும் எங்கேயும் காணோம். வந்தார், ஸ்டாண்டு போட்டார், கதை வேறு பக்கம் போய்விட்டது.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் உதவி இயக்குநராக இருந்துகொண்டு சொந்தமாக ஒரு குறும்படமோ வெப் சீரிஸோ எழுதுகிறவர்கள், "அவன் சைக்கிளில் வருகிறான்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த சீனுக்குத் தாவுகிறவர்கள், உங்களுக்காகத்தான் இது.

முதல் வேலை, அந்த வரியை அடித்துவிட்டு இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எங்கே போகிறான்? கேரியரில் என்ன இருக்கிறது? இதற்குப் பதில் இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது சைக்கிள் இல்லை, "இவன் ஏழை" என்று எழுதிய ஒரு போர்டுதான். இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948-இல் வந்த படம், இன்னும் ஃபிலிம் ஸ்கூலில் போட்டுக் காட்டுகிறார்கள் என்றால் காரணம் சைக்கிள் மட்டும் இல்லை. ஊர் முழுக்கச் சுற்றி போஸ்டர் ஒட்டுகிற வேலை, சைக்கிள் இருந்தால்தான் வேலை, சைக்கிளோ அடகில் இருக்கிறது, அதை மீட்க அவன் மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். இவ்வளவும் தெரிந்த பிறகு அது திருடு போகிறது, அதனால்தான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. 1992-இல் வந்த 'அண்ணாமலை'யிலும் ரஜினி பால்காரர், பால் கேனோடு வருகிற சைக்கிளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. சைக்கிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய மொபெட்டை வைத்தாலும் உங்கள் காட்சி அப்படியே நிற்குமென்றால், மொபெட்டையே வைத்துவிடுங்கள், ஷூட்டிங் சுலபம்.

சென்னையில் நிஜமாகவே யார் ஓட்டுகிறார்கள் என்று ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள். விடியற்காலையில் பேப்பர் போடுகிறவர்கள், ராத்திரியில் கேனைக் கட்டிக்கொண்டு டீயும் சுக்கு காபியும் விற்கிறவர்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேலைக்கு வருகிற பெரியவர்கள், ஓஎம்ஆர் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலத் தம்பிகள், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் போகும் ப்ளஸ் ஒன் பிள்ளைகள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் முட்டுக்காடு, கோவளம் என்று கூட்டமாகப் போகிறவர்கள். இவர்களில் ஒருவர் ஓட்டுவது போல இன்னொருவர் ஓட்டுவதில்லை. டீக்காரர் மெதுவாகத்தான் போவார், கேன் கனம், ஒவ்வொரு முனையிலும் நிறுத்த வேண்டும், அதோடு யாராவது கை காட்டுகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போவார். ஈசிஆர் ஆள் ரோட்டையும் முன்னால் போகிறவரின் பின் டயரையும் தவிர எதையும் பார்க்க மாட்டார்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் அன்று விஜய் நீலாங்கரையில் ஓட்டுப் போட சைக்கிளில் போனார், ஞாபகம் இருக்கும். அன்று முழுக்க டிவியில் அதுதான். பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பு, அந்தக் கட்சிக்குக் குறியீடு, இந்தக் கட்சிக்குக் குறியீடு என்று ஆளாளுக்கு அர்த்தம் சொன்னார்கள். பூத் வீட்டுக்குப் பக்கம், வண்டி நிறுத்த இடம் இல்லை என்று அவர் தரப்பில் சொன்ன விளக்கம் யாருக்கும் சுவாரசியமாகப் படவில்லை. பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு ஒருத்தர் சைக்கிளில் போவார் என்பதையே நம்ப முடியாத அளவுக்கு நம் திரை நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. உங்கள் கதையில் குறைந்தது ஒருத்தராவது எந்தக் குறியீடும் இல்லாமல், கடைக்குப் போய் தோசை மாவு வாங்கிவர சைக்கிளை எடுக்கட்டும்.

சரி, வண்டிக்கு வருவோம். ஆர்ட் டிபார்ட்மென்ட் கொண்டுவருவதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். எழுபதுகளில் நடக்கிற கதையில் தடி டயர் வைத்த எம்டிபி (மவுன்டன் பைக்) வந்து நின்றால் காஸ்ட்யூமில் கொட்டிய காசு மொத்தமும் வீண். அந்தக் காலத்துக்கு உயரமான கறுப்பு சைக்கிள், கம்பி வைத்த ராட் பிரேக், பின் டயரில் உரசுகிற டைனமோ. மெட்ராஸ் கதை என்றால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி 1949-இல் இங்கேதான் ஆரம்பித்தது, அதன் அம்பத்தூர் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு கதாபாத்திரத்திடம் அந்தக் கம்பெனியின் ஹெர்குலிஸோ பிஎஸ்ஏவோ இருப்பதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எண்பதுகளின் காலேஜ் பையனுக்கு பிஎஸ்ஏ எஸ்எல்ஆர். டைனமோ விளக்கைச் சும்மா பேட்டரி போட்டு எரிய விடாதீர்கள், மெதுவாகப் போனால் அது மங்கும், நின்றால் அணைந்துவிடும். ராத்திரி தெருவில் ஒரு ஆள் தயங்கி நிற்கிறான் என்பதை நடிப்பே இல்லாமல் அந்த விளக்கே சொல்லிவிடும், இவ்வளவு மலிவான எஃபெக்ட் வேறு எங்கே கிடைக்கும்?

அடுத்து நடிகர். இதில்தான் பெரும்பாலான படங்கள் மாட்டிக்கொள்கின்றன. பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்ட நடிகரை ஷூட்டிங் அன்று காலையில் சீட்டில் ஏற்றினால், கால் தரையில் எட்ட வேண்டும் என்று சீட்டைக் கீழே இறக்கச் சொல்வார். இறக்கினால் முழங்கால் மார்பு வரை வரும், பார்க்கிற எவருக்கும் இவர் தினமும் ஓட்டுகிற ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கிற உயரம்தான் சரி. ஏறும் விதம் அதைவிட முக்கியம். கறுப்பு சைக்கிள் ஓட்டும் பெரியவர்கள் நின்ற இடத்தில் ஏறி உட்கார மாட்டார்கள், இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் ரெண்டு தள்ளு தள்ளி, வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் காலைத் தூக்கிப் பின்பக்கமாகப் போடுவார்கள். இறங்குவதும் அப்படித்தான், வண்டி நிற்பதற்கு முன்பே கால் இந்தப் பக்கம் வந்துவிடும். இது ஒரு மணி நேரத்தில் வராது. ஷூட்டிங்குக்கு முன்னால் சில வாரமாவது நடிகரிடம் வண்டியைக் கொடுத்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சின்னப் பையன் கதாபாத்திரம் என்றால் குரங்கு பெடல், பாருக்கு அடியில் காலை விட்டு உடம்பைக் கோணிக்கொண்டு மிதிப்பது, அதை வைத்தே 2024-இல் அதே பெயரில் ஒரு முழுப் படம் வந்துவிட்டது.

உடையில் சின்ன சின்ன விஷயம்தான். செயின் வலது பக்கம் இருக்கிறது, அதனால் பேன்ட் போட்டவர் வலது காலை மட்டும் சுருட்டி விட்டிருப்பார், கிரீஸ் கறையும் அங்கேதான். வேட்டி என்றால் மடித்துக் கட்டியிருக்க வேண்டும். முதுகில் வியர்வை இருக்க வேண்டும், இது சென்னை. கிண்டியிலிருந்து ஓட்டி வந்ததாகச் சொல்லிவிட்டு இஸ்திரி கலையாத சட்டையில் வந்து இறங்குகிற ஹீரோவை இனிமேல் யாரும் நம்பப் போவதில்லை. மூச்சும் அப்படித்தான், மூன்று வரி வசனத்தை ஒரே மூச்சில் பேசிக்கொண்டே மேம்பாலம் ஏற முடியாது.

மேம்பாலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஊரில் பெரிய மலை இல்லை, பரங்கிமலை மாதிரி சில குன்றுகளை விட்டால் ஏற்றம் என்பதே பாலங்களும் சுரங்கப்பாதைகளும்தான். ஆகவே கஷ்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் மழையில் நனைய வைத்து வயலின் வாசிக்காதீர்கள். சுமையோடு ஜெமினி மேம்பாலத்தின் அடிவாரத்துக்கு வருகிற ஒருத்தர், பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ள ஆரம்பிப்பாரே, பின்னால் பஸ் ஹாரன் அடிக்குமே, அதைக் காட்டுங்கள். உச்சிக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து மிதிக்காமலே இறங்குவார் பாருங்கள், அந்த முகத்தை க்ளோஸப்பில் எடுத்தால் போதும், வசனகர்த்தாவுக்கு அன்று லீவு கொடுத்துவிடலாம்.

கேமராவை எங்கே வைப்பது? வழக்கமாக காரின் ஜன்னலிலோ டிக்கியிலோ வைத்து எடுப்போம். அப்படி எடுத்தால் அது கார்க்காரரின் பார்வை, சைக்கிள்காரர் அதில் ஒரு இடைஞ்சலாகத்தான் தெரிவார். ஹேண்டில்பார் உயரத்துக்கு இறக்குங்கள். ரோட்டின் இடது ஓரம் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்: மணல், மேன்ஹோல் மூடி, திடீரென்று திறக்கும் கார் கதவு, ஆள் ஏற்ற ஒதுங்கும் ஷேர் ஆட்டோ, எதிர்ப்பக்கமாக வருகிற பைக். 2012-இல் வந்த 'பிரீமியம் ரஷ்' நியூயார்க்கில் கூரியர் கொண்டுபோகும் ஒருவனின் கதை, ஒவ்வொரு சந்திப்பிலும் அவன் மண்டைக்குள் எந்தச் சந்தில் புகுந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்பதை அப்படியே காட்டுவார்கள். அந்த அளவுக்கு கிராஃபிக்ஸ் வேண்டாம். சைக்கிள்காரர் எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், எடிட்டிங்கில் அது வந்துவிடும். அந்தப் படத்தின் ஹீரோ ஜோசப் கார்டன்-லெவிட் ஷூட்டிங்கில் ஒரு டாக்ஸியில் மோதி, கையில் 31 தையல் போட்டார். அவர்களுக்கு ஸ்டன்ட் டீம், மூடிய ரோடு எல்லாம் இருந்தும் இந்தக் கதை. அனுமதி வாங்காமல் அண்ணா சாலையில் திருட்டு ஷாட் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்தத் தையல் கணக்கை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். விழுகிற காட்சி என்றால் டூப், முழங்காலுக்கும் முழங்கைக்கும் பேட், உள் தெரு, அவ்வளவுதான்.

பெண் ஓட்டுகிற காட்சி தனியாகப் பேச வேண்டியது. நம் படங்களில் அவள் எப்போதும் பின்னாலிருந்துதான் தெரிவாள், ஏனென்றால் கேமரா துரத்துகிறவனோடு போகிறது. துப்பட்டா பறக்கும், செயின் கழன்றுகொள்ளும், அவன் வந்து மாட்டித் தருவான், காதல். செயினை மாட்ட எந்தப் பெண்ணுக்கும் ஆள் தேவையில்லை. புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், குவாரியில் வேலை பார்த்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், அவர்களுக்கு அது பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போய்வர ஒரு வழி. அதை வைத்து எத்தனை படம் வந்திருக்க வேண்டும்! சவுதியில் ஹைஃபா அல்-மன்சூர் என்ற பெண் இயக்குநர் 'வஜ்தா' படம் எடுத்தபோது ரியாத் தெருவில் வெளிப்படையாக நின்று இயக்க முடியாமல், வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சைக்கிள் வாங்கத் துடிக்கும் ஒரு சிறுமியின் கதை, அவ்வளவுதான், ஆனால் கேமரா முழுக்க அவள் பக்கம். உங்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை, கேமராவை அவளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

கடைசியாக சத்தம். மிதிக்கும்போதெல்லாம் "டிக் டிக் டிக்" என்று போடுகிறார்கள், தப்பு. அந்தச் சத்தம் பின் சக்கரத்தில் இருக்கிற ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத்துடையது, மிதிப்பதை நிறுத்தி வண்டி தானாக ஓடும்போதுதான் வரும். மிதிக்கும்போது செயின் உரசல், சீட் ஸ்பிரிங் முனகல், மட்கார்டு ஆட்டம், இவைதான். லொகேஷனிலேயே ஒரு ரெக்கார்டரைக் கேரியரில் கட்டிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டி எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டுடியோவில் தேட வேண்டாம். பின்னால் வருகிற லாரியை சைக்கிள்காரர் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் தெரிந்துகொள்கிறார், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், ஒதுங்கணுமா வேண்டாமா எல்லாம் சத்தத்தில்தான். எனவே அந்த சீனில் பாட்டை முழு வால்யூமில் ஓடவிடாதீர்கள். மியூசிக் டைரக்டர் கோபித்துக்கொள்வார், டீ வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள்.