ஜாங்கோ மாடல்களில் பொது ஃபீல்டுகளை ஒரே இடத்தில் வைப்பது எப்படி?

பைத்தானின் வலைச் சட்டகமான ஜாங்கோவில், திருநெல்வேலிச் சரக்கு விற்கும் தளம் ஒன்றுக்கு மூன்று மாடல்கள் (டேட்டாபேஸ் டேபிளுக்கு ஒன்றாக எழுதும் கிளாஸ்கள்): அல்வா, பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம். அல்வாவுக்கு எடை, பாய்க்கு நீள அகலம், அப்பளத்துக்கு ஒரு கட்டுக்கு எத்தனை என்ற கணக்கு. பெயர், விலை, உருவான நேரம், திருத்திய நேரம் இந்த நாலும் மூன்றுக்கும் பொது.

1. ‘சரக்கு’ என்று ஒரு மாடல் கிளாஸ் எழுதி, நாலு ஃபீல்டையும் அதில் போடுங்கள். விலைக்கு டெசிமல்ஃபீல்டுதான், ஃப்ளோட் போட்டால் பைசாக் கணக்கு உதைக்கும். நேரங்களுக்கு முறையே ஆட்டோ_நவ்_ஆட், ஆட்டோ_நவ்.

2. அதற்குள்ளே கிளாஸ் மெட்டா (மாடலின் அமைப்புகளைச் சொல்லும் உள் கிளாஸ்) எழுதி, அப்ஸ்ட்ராக்ட் = ட்ரூ. சரக்குக்கெனத் தனி டேபிள் வேண்டாம் என்று இதற்குப் பொருள்.

3. மூன்று மாடல்களையும் சரக்கிலிருந்து வரும்படி மாற்றி, அவற்றிலுள்ள பொது ஃபீல்டுகளை அழியுங்கள். பிறகு மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை (டேபிளில் செய்யவேண்டிய மாற்றங்களை மைக்ரேஷன் கோப்பாக எழுதித் தருவது).

இரண்டாம் படியை விட்டுவிட்டால்தான் வினை. ஜாங்கோ சரக்குக்கும் தனி டேபிள் போட்டு, ஒவ்வொரு மாடலையும் ஒன்டுஒன் ஃபீல்டால் (ஒன்றுக்கு ஒன்று என்ற இணைப்பு) அதோடு கட்டிவிடும். அப்புறம் பாய் பட்டியல் எடுக்கக்கூட ஜாயின், அதாவது இரண்டு டேபிளையும் இணைத்துப் படிக்கவேண்டும். ஏற்கெனவே இருக்கும் மாடல்களில் இது நடந்தால், ‘_பிடிஆர்’ என்று முடியும் ஒரு ஃபீல்டுக்கு டீஃபால்ட் மதிப்பு கேட்கும். அங்கே 1 என்று தட்டிவிட்டு நகராதீர்கள். நிறுத்தி, மெட்டாவைப் பாருங்கள். சரியாக இருந்தால், பழைய ஃபீல்டுகளும் புதியவையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும்பட்சத்தில், மாற்றம் எதுவும் இல்லை என்றே பதில் வரும்.

பெயர் ஃபீல்டின் மேக்ஸ்_லெங்த் (அதிகபட்ச நீளம்) பாயில் 100, அப்பளத்தில் 150 என்று இருந்ததா? பெரியதையே வையுங்கள். 100 ஆகக் குறைத்தால், அதைவிட நீளமான பெயர் ஒன்று இருந்தாலும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் மைக்ரேஷனை மறுத்துவிடும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கண்டுகொள்ளாது, அதனால் சோதனைக்கும் போஸ்ட்கிரஸே நல்லது.

சரக்கின் மெட்டாவில் ஆர்டரிங் (பட்டியல் வரும் வரிசை) இருந்து, பாய்க்கும் தனி மெட்டா எழுதினால், அது சரக்கு.மெட்டாவிலிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் ஆர்டரிங் போய்விடும். அப்ஸ்ட்ராக்ட் மட்டும் தானாகவே ஃபால்ஸ் ஆகிவிடும், கவலை வேண்டாம்.

பின்சேர்ப்பு: சரக்கில் ‘வியாபாரி’ என்று ஃபாரின்கீ (வேறு மாடலைச் சுட்டும் ஃபீல்டு) சேர்த்து, ரிலேட்டட்_நேமுக்கு (வியாபாரியிலிருந்து அவருடைய சரக்கை எடுக்கும் பெயர்) ஒரே பெயர் கொடுத்தால் மூன்று மாடலும் அந்தப் பெயருக்கு முட்டிக்கொள்ளும். பெயருக்குள் %(கிளாஸ்)எஸ் என்ற குறியைச் சேருங்கள் (கோடில் ஆங்கிலச் சிற்றெழுத்தில்). ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பெயர் வரும்.

இன்னொன்று: க்வெரிசெட்டின் (டேபிளிலிருந்து எடுத்த வரிசைகளின் தொகுப்பு) அப்டேட் மூலம் விலையை மொத்தமாக ஏற்றினால் திருத்திய நேரம் மாறாது. ஆட்டோ_நவ் வேலை செய்வது சேவ் நடக்கும்போதுதான். அதே அப்டேட்டில் டைம்சோன்.நவ்வையும் கையோடு கொடுத்துவிடுங்கள்.