காம்பாக்ட் எக்ஸிகியூட்டிவ் செடான்: டெஸ்ட் டிரைவில் செய்யக்கூடாத தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் ‘காம்பாக்ட் செடான்’ என்றால் டிசையர், அமேஸ் போன்று 4 மீட்டருக்குள் அடங்கும் கார்களைத்தான் குறிக்கிறோம். 4 மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய என்ஜினும் கொண்ட கார்களுக்கு 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் உற்பத்தி வரி குறைக்கப்பட்டதன் விளைவாகப் பிறந்த வகை அது. ‘காம்பாக்ட் எக்ஸிகியூட்டிவ்’ என்பதோ ஐரோப்பிய வழக்கு. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் பென்ஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 ஆகியவை அதில் அடங்கும். 5 சீரிஸையோ இ கிளாஸையோ பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் இவை சிறியவை. இந்தியாவில் விற்கப்படும் 3 சீரிஸ் கிரான் லிமோசினின் நீளம் ஏறத்தாழ 4.82 மீட்டர். டிசையரைவிட அது 80 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டது. ஷோரூமின் அகன்ற கண்ணாடிக் கூடத்தில், தூணும் மதிலும் எதிர்ப்படாத இடத்தில், இந்த நீளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு காருக்கு ஒதுக்கப்படும் 5 மீட்டர் நீளத்துக்கு 2.5 மீட்டர் அகலம் என்ற வழக்கமான இடத்தில் இதை நிறுத்தினால், முன்னும் பின்னும் சேர்த்து எஞ்சுவது ஒரு சாணுக்கும் குறைவுதான். ஷோரூமுக்குப் புறப்படும் முன் வீட்டில் டேப் எடுத்து அளப்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்த தவறே எல்லாவற்றிலும் பெரியது என்பது என் கருத்து: ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மட்டுமே காரை எடைபோடுவது. இந்த வகைக் கார்களின் புகழ் ஓட்டும் இன்பத்தால் வளர்ந்தது; 1975இல் முதல் 3 சீரிஸ் வெளிவந்ததிலிருந்து அந்தப் பெயரின் பெருமையே அதுதான். ஆனால் நம் நாட்டில் இந்த விலையில் கார் வாங்குபவர்களில் பலர் டிரைவர் வைத்திருக்கிறார்கள். வார நாள்களில் அவர்கள் அமரப்போவது பின் இருக்கையின் இடப்பக்கத்தில். தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2021 ஜனவரியில் பிஎம்டபிள்யூ இந்தியாவுக்குக் கொண்டுவந்த கிரான் லிமோசினின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2,961 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் விற்கப்படும் 3 சீரிஸைவிட 110 மில்லிமீட்டர் அதிகம். முன் இருக்கையில் அமர்பவருக்கு அந்த நீட்டிப்பால் எந்தப் பயனும் இல்லை. பயன் முழுவதும் பின் இருக்கைக்கே. செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச் மாதத்தில் செயல்படத் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில்தான் இந்தக் காரும் உருவாகிறது. ஜிஎஸ்டி சாலையில் அந்த வழியே போய்வருபவர்களுக்கு, இந்தியர்கள் எங்கே அமர்கிறார்கள் என்பதை அந்த நிறுவனம் எப்படிக் கணித்தது என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஷோரூம் ஊழியரை ஓட்டச் சொல்லிவிட்டு, பின் இருக்கையில் குறைந்தது 20 நிமிடமாவது அமர்ந்து பாருங்கள். அதற்கு முன் முன்னிருக்கையை உங்கள் டிரைவரின் உயரத்துக்கேற்பப் பின்னால் தள்ளி வையுங்கள். காட்சிக்கு நிற்கும் கார்களில் முன்னிருக்கைகள் பெரும்பாலும் முன்னோக்கித் தள்ளியே இருக்கும் என்பதால், பின்னால் இருக்கும் இடம் உண்மையைவிடத் தாராளமாகத் தெரியும். முழங்கால் இடைவெளியோடு நின்றுவிடாமல், தொடை முழுவதும் இருக்கையில் படிகிறதா என்பதையும் கவனியுங்கள். தாழ்வான செடானில் இருக்கையும் தாழ்வாக இருப்பதால், முழங்கால் மேலெழுந்து தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகலாம். 10 நிமிடத்தில் உறைக்காத இந்தக் குறை, திண்டிவனம் தாண்டும்போது இடுப்பில் தெரியும். வீட்டில் மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் சென்று, ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்வது நல்லது. நடுவில் அமர்பவரின் கால்களுக்கு இடையே தரையிலிருந்து எழும் மேடு இன்னொரு செய்தி. பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு அதற்கடியில் செல்கிறது. இந்தியாவில் முன்சக்கர இயக்கத்துடன் விற்கப்பட்ட ஏ4 காரிலும் அந்த மேடு இருந்தது; நான்கு சக்கர இயக்கத்துக்கும் இடம்கொடுத்து வடிவமைத்த அடித்தளம் அது. மூவர் பின்னால் அமர்ந்து நெடுந்தூரம் செல்லும் குடும்பம் இதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பது வருத்தத்துக்குரியது.

சொகுசைப் பற்றிய முதல் அபிப்பிராயம் பெரும்பாலும் டயரைப் பற்றிய அபிப்பிராயமாகவே இருக்கிறது. டெஸ்ட் டிரைவுக்குத் தரப்படும் கார் பெரும்பாலும் உயர்ந்த வேரியன்ட்டாகவும், பெரிய அலாய் வீலும் ஒல்லியான பக்கச்சுவர் கொண்ட டயரும் பூட்டியதாகவும் இருக்கும். நீங்கள் வாங்கப்போவது சிறிய வீல் கொண்ட வேரியன்ட்டாக இருந்தால், பள்ளங்களில் அது இன்னும் மென்மையாக நடந்துகொள்ளக்கூடும். அந்த நன்மை டெஸ்ட் டிரைவில் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ரன்ஃபிளாட் டயர்கள் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. காற்று முழுவதும் இறங்கிய பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஓடக்கூடிய வகையில் அவற்றின் பக்கச்சுவர்கள் தடிமனாகச் செய்யப்படுகின்றன. அந்தத் தடிமன்தான் சிறு குழிகளில் ‘டக்’கென்ற அதிர்வாக உள்ளே வந்து சேர்கிறது. சஸ்பென்ஷன் கடினம் என்று தீர்ப்பெழுதும் முன் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காற்றழுத்தம் கதவோரத்தில் ஒட்டப்பட்ட அளவில்தான் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டயரில் இருக்கும் கூடுதல் காற்று எந்த டெமோ காரையும் முரடாகக் காட்டிவிடும்.

டீலர் தேர்ந்தெடுக்கும் பாதை எப்போதும் வழுவழுப்பானது. சென்னையில் அது ஓ.எம்.ஆராகவோ ஈ.சி.ஆராகவோ இருக்கலாம், எந்த நல்ல காரும் அங்கே நன்றாகத்தான் ஓடும். நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் தெருவுக்குப் போகும் வழியை. சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டலின்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களில் குடியிருப்போர் சேர்ந்து போடும் வேகத்தடைகள் எந்த வழிகாட்டலையும் படித்தவை அல்ல. குறுகலாகவும் செங்குத்தாகவும் நிற்கும். வீல்பேஸ் நீள நீள, இரு சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் வயிற்றுப்பகுதி அத்தகைய மேட்டில் உரசும் வாய்ப்பும் கூடுகிறது. பின்னிருக்கைக்குக் கிடைத்த 110 மில்லிமீட்டருக்கு இது ஒரு விலை. ஓட்டுநரும் விற்பனையாளரும் மட்டும் அமர்ந்திருக்கும்போது உரசாத கார், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் உரசலாம். எனவே குடும்பத்தை ஏற்றிக்கொண்டே அந்த மேட்டைக் கடந்து பாருங்கள்; ஊழியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

என்ஜினைப் பற்றிய தவறு ‘ஸ்போர்ட்’ பட்டனில் இருக்கிறது. அதை அழுத்தியதும் ஸ்டீயரிங் கனக்கும், கியர் கீழிறங்கும், கார் துடிக்கும். விற்பனையாளருக்கு அது தெரியும். 3 சீரிஸின் பெட்ரோல் வகையான 330எல்ஐ 258 குதிரைத்திறன் கொண்டது, 6.2 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 190 குதிரைத்திறன் கொண்ட டீசல் வகையான 320எல்டியின் டார்க்கும், அதாவது என்ஜினின் சுழல்விசையும், பெட்ரோலில் உள்ள அதே 400 நியூட்டன் மீட்டர்தான். நகர நெரிசலில் சிக்னலிலிருந்து புறப்படும்போது உணரும் இழுவை பெரிதும் இந்த டார்க்கினால் வருவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நெடுஞ்சாலையில் வேகம் ஏறும்போதுதான் தெளிவாகும். ஆகவே முதல் பாதித் தூரத்தையாவது ‘கம்ஃபர்ட்’ நிலையில் ஓட்டுவதே சரி. டீசலானால், நீங்கள் போவதற்கு முன்பே அவர்கள் என்ஜினைச் சூடேற்றி வைத்திருப்பார்கள். காலையில் முதல் ஆளாகப் போய், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நாள்தோறும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர், புகைத்துகளைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டியைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நிற்காத ஓட்டம் வேண்டும்; குறுந்தூர ஓட்டத்தில் அது அடைபடத் தொடங்கும். டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது.

திரைகள் இப்போது எல்லாரையும் மயக்குகின்றன. 2022 மே மாதத்தில் இந்தியாவுக்கு வந்த சி கிளாஸில் நடுவில் 11.9 அங்குலச் செங்குத்துத் திரை. 2023இல் மேம்படுத்தப்பட்டு இங்கு வந்த 3 சீரிஸில் 14.9 அங்குல வளைந்த திரை. பிந்தையதில் ஏ.சி.க்கான பட்டன்கள் பெரும்பாலும் திரைக்குள் போய்விட்டன. நிறுத்திய காரில் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு வியப்பதில் பொருளில்லை. கார் ஓடும்போது, சாலையிலிருந்து கண்ணை எவ்வளவு நேரம் எடுத்தால் குளிர்ச்சியை 2 டிகிரி கூட்டவோ குறைக்கவோ முடிகிறது என்பதுதான் சோதனை. அதையும் வெயிலில் செய்ய வேண்டும். அலுவலகம் முடிந்து மாலை ஆறு மணிக்கு டெஸ்ட் டிரைவ் போகும் வழக்கம் பலருக்கு உண்டு. அந்த நேரத்தில் திரையில் வெளிச்சம் பட்டுக் கூசுவதும் தெரியாது, கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் சூடும் தெரியாது. பின்னிருக்கையை ஏ.சி. எவ்வளவு விரைவில் குளிர்விக்கிறது என்பதை மே மாதப் பிற்பகல் இரண்டு மணிக்கு, வெயிலில் நின்ற காரில் அமர்ந்து பார்த்தால் போதும்.

விலை குறித்துச் சுருக்கமாகவே சொல்லலாம். விளம்பரத்தில் வரும் எக்ஸ்ஷோரூம் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு காரை ரசிப்பது வீண். 2023 நவம்பரில் தமிழ்நாடு உயர்த்திய சாலை வரியின்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம். இன்சூரன்ஸும் சேர்த்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கிய பிறகே சாவியைக் கையில் வாங்குங்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2019இல் 3 சீரிஸுக்கு அளித்த 5 நட்சத்திரம் ஐரோப்பியச் சந்தைக்கான காருக்கு அளிக்கப்பட்டது. அதிலிருந்த பாதுகாப்பு வசதிகளில் எவையெவை நீங்கள் கேட்கும் வேரியன்ட்டில் உண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக டிக்கி. ஐரோப்பாவில் ஸ்டெப்னியே இல்லாமல் வடிவமைக்கப்படும் கார்கள் பலவற்றுக்கு நம் நாட்டில் ஸ்டெப்னி சேர்க்கப்படும்போது, அதற்கெனப் பள்ளம் இல்லாததால் அது டிக்கியின் தரை மேலேயே படுத்துக்கொள்கிறது. புத்தகத்தில் அச்சிட்ட லிட்டர் கணக்கு அப்போது உதவாது. விமான நிலையத்துக்கு எடுத்துச் செல்லும் உங்கள் பெரிய சூட்கேஸ்கள் இரண்டையும் டெஸ்ட் டிரைவுக்கே கொண்டுபோய், டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள்.