புது ஸ்மார்ட்போனுக்குக் கையேடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனை அணைப்பது எப்படி? கையேடு எதையும் காசு கொடுத்து வாங்கும் முன், இந்த ஒரு கேள்விக்கு அதில் என்ன பதில் இருக்கிறது என்று பாருங்கள். "பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள்" என்பதோடு முடித்திருந்தால், ஒன்று புத்தகம் பழையது, அல்லது எழுதியவர் இன்றைய போன்களைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. இப்போதைய பல சாம்சங் போன்களில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் உதவியாளர்தான் வந்து நிற்கும். அணைப்பதற்கு ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதே இரண்டையும் சட்டென்று அழுத்தி விட்டால் திரை படமாகப் பதிவாகிவிடும். பிக்சல் 6 முதலான கூகுள் போன்களில் சேர்த்து அழுத்த வேண்டியது ஒலி கூட்டும் பொத்தான். 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் தொடங்கி, முகப்புப் பொத்தான் இல்லாத ஐபோன்களில் பக்கப் பொத்தானுடன் இரண்டு ஒலிப் பொத்தான்களில் எதையாவது பிடித்தால் போதும்.

போனை அணைப்பதிலேயே இத்தனை வேறுபாடு. ஆனாலும் "ஆண்ட்ராய்டு போன் கையேடு" என்று பொதுப்படையாகத் தலைப்பிட்ட புத்தகத்தைத்தான் பலரும் வாங்குகிறார்கள். ஆண்ட்ராய்டு அடித்தளம் மட்டுமே. அதன்மேல் சாம்சங் 'ஒன் யுஐ', ஷாவ்மி 'ஹைப்பர் ஓஎஸ்', ஒப்போ 'கலர் ஓஎஸ்' என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி மெனுக்களை அடுக்கியிருக்கிறது. தேடத் தொடங்கும் முன் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்து, மாடல் எண்ணையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் உள்ள பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்று இரண்டு மாடல்கள் இருக்கலாம்.

அடுத்தது, ஆண்டைப் பார்க்காமல் வாங்குவது. திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்துப் பின்னால் போகும் முறை 2019இல் ஆண்ட்ராய்டு 10உடன் வந்தது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 தோற்றத்தையே மாற்றிவிட்டது. இந்த மாற்றங்களுக்கு முந்தைய புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், படத்தில் திரையின் அடியில் இருக்கும் மூன்று பொத்தான்கள் தன் போனில் எங்கே என்று வாசகர் தேடிக்கொண்டிருப்பார். மின்னூல்களில் வேறு சிக்கல். புதிய மாடல் கடைக்கு வந்த சில நாட்களிலேயே அதன் பெயரில் புத்தகங்கள் முளைத்துவிடுகின்றன. அட்டையில் மாடல் பெயர் மட்டும் புதிது, உள்ளே எல்லாம் பழைய சரக்கு என்பதே இவற்றில் பலவற்றின் நிலை. மாதிரிப் பக்கங்களைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இலவசமாகக் கிடைப்பதாலேயே நிறுவனத்தின் கையேட்டைப் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் மடிப்புத் தாளைத்தான் கையேடு என்று நினைத்துவிடுகிறார்கள். சிம் தட்டைத் திறப்பதையும் பாதுகாப்பு எச்சரிக்கைகளையும் தாண்டி அந்தத் தாளில் அதிகம் இருக்காது. முழுக் கையேடு சாம்சங் வலைத்தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். ஆப்பிள் தன் கையேட்டை, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் பதிப்பு வாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. இரண்டுமே வறட்டு நடைதான், ஒப்புக்கொள்கிறேன். தவிர, வாட்ஸ்அப்பும் பணப் பரிமாற்றமும் அவற்றில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அந்த இரண்டுக்கும் வேறு புத்தகம் வாங்குவதாக இருந்தால் நேராக யுபிஐ அத்தியாயத்துக்குப் போங்கள். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் தேவை, பெறுவதற்குத் தேவையே இல்லை என்ற வரி அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

தேடும் இடத்திலும் கவனம் வேண்டும். கையேட்டை இறக்கிக்கொள்ள வங்கி அட்டை எண் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள். தேடுபொறியில் கண்ணில் படும் முதல் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை அழைப்பது அதைவிட ஆபத்து. மறுமுனையில் இருப்பவர் உதவுவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னால் அது மோசடிதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

போன் தமிழில் இருக்க, கையேடு ஆங்கிலத்தில் இருந்தால் மெனுப் பெயர்கள் பொருந்தா. படித்து முடிக்கும்வரை இரண்டையும் ஒரே மொழியில் வைத்துக்கொள்வது நல்லது. கற்க வேண்டிய போனிலேயே பிடிஎஃப்பைத் திறந்து படிப்பதும் வீண் வேலை: செட்டிங்ஸைத் திறந்ததும் கையேடு மறைந்துவிடும், கையேட்டுக்குத் திரும்பினால் செட்டிங்ஸில் எங்கே இருந்தோம் என்பது மறந்துவிடும். தேவையான பத்துப் பதினைந்து பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளலாம். நூறு பக்கத்துக்கு மேல் நீளும் முழுக் கையேட்டையும் அச்செடுப்பது காசுக்குக் கேடு. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் அதில் பல பக்கங்களை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.