சர்வதேச வளர்ச்சித் துறை இன்டர்ன்ஷிப்: முதுநிலை மாணவர்களைத் தயார்ப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச வளர்ச்சித் துறையில் இன்டர்ன்ஷிப் செய்யப்போகும் முதுநிலை மாணவர்களைத் தயார்ப்படுத்தும் வேலை, பல கல்வித் துறைகளில் தன்விவரக் குறிப்பைத் திருத்துவதோடும் நேர்காணலுக்குப் பழக்குவதோடும் முடிந்துவிடுகிறது. இடம் கிடைத்தவுடன் பொறுப்பு தீர்ந்தது என்று கருதுவதே முதல் தவறு. ஏனைய தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. மாணவர் போய்ச் சேரும் அலுவலகத்தில் வேலைப்பளு மிகுந்த ஒருவர் தம் நேரத்தை ஒதுக்கி மாணவருக்குத் தொழிலைக் கற்றுத்தரப் போகிறார். களத்தில், முன்பின் அறியாத குடும்பங்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு மாணவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகின்றன. இவர்களுடைய நேரத்தை வீணாக்காதவராக மாணவரை உருவாக்குவதையே நான் தயாரிப்பு என்பேன்.

பணி வரையறையை விண்ணப்பிக்கும்போது ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடுவது அடுத்த தவறு. "கண்காணிப்பு, மதிப்பீட்டுப் பணிகளில் உதவுதல்" என்று அதில் ஒரு வரி இருக்கும். ஆய்வுக் கட்டுரை எழுதுவது போன்ற வேலை என்று மாணவர் எண்ணிச் செல்வார். முதல் வாரத்தில் அவர் கைக்கு வருவதோ பெரும்பாலும், களத்தில் தரவு திரட்ட உதவும் கோபோ டூல்பாக்ஸ் என்ற மென்பொருளிலிருந்து இறக்கிய ஓர் எக்செல் கோப்பு. அதில் ஒரே ஊரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரே குடும்பம் இருமுறை பதிவாகியிருக்கும். விவரம் தெரியாத இடங்களில் 999 என்று நிரப்பியிருப்பார்கள். விடுபட்ட தகவலுக்கான குறியீடு அது என்று அறியாமல் வயதுக்குச் சராசரி எடுத்தால், விடை அபத்தமாக வந்து உடனே கண்ணில் பட்டுவிடும். அதே 999 மாத வருமானத்துக்கான பத்தியில் இருந்தால் எவருக்கும் சந்தேகம் எழாது. பிழையான எண் நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைவரை போய்ச் சேரும். ஆகவே, புறப்படுவதற்கு ஒரு பருவம் முன்பே இத்தகைய ஒழுங்கற்ற கோப்பு ஒன்றைக் கொடுத்து, அதைச் சீர்செய்யவும், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தனியே குறித்துவைக்கவும் பழக்க வேண்டும்.

வளர்ச்சிக் கோட்பாடுகளை நன்கு விவாதிக்கத் தெரிந்த மாணவர்கள்கூட, திட்டத்தின் செயல்கள், அவற்றின் பலன்கள், அவற்றை அளக்கும் குறியீடுகள் ஆகியவற்றைக் காட்டும் அட்டவணையான தர்க்கச் சட்டகத்தைக் கையில் எடுத்தால் தடுமாறுகிறார்கள். 200 பேருக்குப் பயிற்சி அளித்தது வெளியீடு. அவர்களுடைய நடைமுறை அதனால் மாறியதா என்பது விளைவு. இந்த வேறுபாடும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு 2019இல் ஒத்திசைவைச் சேர்த்து ஆறாக்கிய மதிப்பீட்டு அளவுகோல்களும் அலுவலகத்தின் அன்றாடப் பேச்சில் புழங்குபவை. இவற்றைப் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளவை என்று ஒதுக்குவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

பணத்தைப் பற்றிப் பேசத் தயங்குவதும் அநீதிதான். ஐ.நா. தலைமைச் செயலகம் இன்டர்ன்களுக்கு ஊதியம் தருவதில்லை. பயணம், விசா, தங்குமிடம், காப்பீடு ஆகியவற்றை மாணவரே பார்த்துக்கொள்ள வேண்டும். உலக வங்கியும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் பணம் தருகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் உதவித்தொகையைத் தொடங்கியது. 2015இல் ஜெனீவாவில் ஊதியமற்ற இன்டர்ன் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கிய செய்தி வெளியானபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. "அரிய வாய்ப்பு" என்று ஊக்குவிப்பதற்கு முன், மாதச் செலவுக்கான கணக்கை மாணவரோடு உட்கார்ந்து போட வேண்டும். உதவ நிதி இல்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆவணங்களை இறுதி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. சில நாடுகளுக்குள் நுழையத் தேவைப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே செல்லுபடியாகும் என்பது பலருக்கும் தெரியாது.

மிகவும் கவலை தருவது களத்தில் நடந்துகொள்ளும் முறை. பலவற்றை இழந்து நிற்கும் ஒருவரிடம் கையில் படிவத்தோடு சென்று, எத்தனை வேளை உணவு கிடைக்கிறது என்று கேட்டால், உதவி வரப்போகிறது என்றே அவர் எண்ணுவார். மாணவர் எதையும் உறுதியளிக்காவிட்டாலும், அந்தக் கேள்வியே வாக்குறுதியாகிவிடுகிறது. எதற்காகக் கேட்கிறோம், இதனால் அவருக்கு நேரடியாக எதுவும் கிடைக்காமல் போகலாம், பதில் சொல்ல மறுத்தாலும் எந்தப் பாதிப்பும் வராது என்பவற்றைத் தொடக்கத்திலேயே எளிய சொற்களில் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒருவர் பதில் சொல்பவராகவும் மற்றவர் கேட்பவராகவும் அமர்ந்து, இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாமல் எவரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது. குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைத் தம் சமூக ஊடகப் பக்கத்தில் இடுவதும், அங்கே திரட்டிய தரவுகளை எவரிடமும் கேட்காமல் தம் ஆய்வேட்டில் பயன்படுத்துவதும் இதே வகைத் தவறுகள். தரவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. ஒப்புதல் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், புறப்படும் முன்பே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

நிறுவனம் நிலையானது என்று நம்பி மாற்று ஏற்பாடு இல்லாமல் அனுப்புவதை இன்று எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும், அந்த உதவியை வழங்கிவந்த அரசு அமைப்பான யுஎஸ்எய்டு கலைக்கப்பட்டதும் உலகெங்கும் திட்டங்களைப் பாதியில் நிறுத்தின. அவற்றை நடத்திய பலர் வேலையிழந்தனர். மேற்பார்வையாளர் விலகினால் பொறுப்பேற்பவர் யார், பணி பாதியில் நின்றால் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும், திரும்பிவரும் செலவு யாருடையது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் விடை இருந்த பின்னரே துறைத் தலைவர் அதில் கையெழுத்திட வேண்டும்.