பழைய வழக்கு இருக்கிறவர்கள் முதல் லொறி வேலை எடுப்பது எப்படி

லைசென்ஸில் லொறி வகுப்பு இருக்கிறது, ஓடவும் தெரியும், ஆனால் பெயரில் ஒரு பழைய வழக்கு. ஓனரிடம் சொன்னால் வேலை தருவாரா, சொல்லாமல் விட்டால் பிறகு ஆராவது போய்ச் சொல்லிவிடுவார்களா என்ற யோசனையிலேயே வீட்டில் நிற்கிற பொடியன்கள் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய தாய் தகப்பனுக்கும்தான் இதை எழுதுகிறேன். வேலை கிடைக்கும், ஒழுங்கான வேலையே கிடைக்கும். ஆனால் உங்கள் கதையை மற்றவர்கள் சொல்ல முன்னம் நீங்களே சொல்லவேண்டும், எதுவும் கேட்காமல் லொறித் திறப்பை நீட்டுகிற ஆளிடமிருந்து விலகி நிற்கவேண்டும்.

முதலில் உங்கள் பெயரில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீதியில் மறித்து எழுதிக் கொடுக்கிற தண்டத்தை ஓனர்மார் ஒரு குறையாகவே எடுக்கமாட்டார்கள், வாகனம் ஓடுகிற எவருக்கும் அது வரும். ஆனால் அதை 14 நாளுக்குள் கட்டவேண்டும், அது கடந்தால் இரட்டிப்பு, 28 நாளும் கடந்தால் நீதிமன்றம், அங்கேயும் போகாமல் விட்டால் பிடியாணை. சின்னத் தண்டத்தைக் கவனிக்காமல் விட்டுப் பிடியாணை வரை போனவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தவணைக்குப் போகாமல் விட்ட வழக்கு எதுவும் இருந்தால் வேலை தேட முன்னம் அதை முடியுங்கள். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, நகர்த்தல் பத்திரம் (வழக்கை எடுக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற விண்ணப்பம்) போட்டு நீங்களாகவே நீதிமன்றத்தில் முற்படுங்கள். இல்லாவிட்டால் ஓமந்தைப் பக்கம் நடு இரவில் ஆரோ ஒருவருடைய வெங்காயப் பாரத்தோடு மறிபட்டு நிற்கவேண்டி வரும், அந்த ஓனர் பிறகு உங்களைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கென்றுதான் அது இருக்கிறது.

முடிந்த வழக்கு என்றால் நீதிமன்றப் பதிவாளர் பகுதியில் விண்ணப்பித்து, தீர்ப்பு உள்ள பக்கத்தின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து, தண்டம் கட்டிய பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். ஊரில் ஒரு வழக்கு வாய்க்கு வாய் போகும்போது வளர்ந்துகொண்டே போகும், சைக்கிளில் முட்டினது ஆளைக் கொன்றதாகவும் கைகலப்பு வாள்வெட்டாகவும் மாறிவிடும். பேப்பரில் இருப்பது அநேகமாக ஊர்க்கதையைவிடச் சின்னது, அதனால்தான் அந்தப் பேப்பர் உங்களுக்குத் தேவை.

லைசென்ஸையும் ஒருக்கால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பி வகுப்போடு பட்டா என்கிற சின்ன லொறி ஓடலாம். கன்ரர், எல்ஃப் லொறிகள் மாதிரி மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை போகிறவற்றுக்கு சி1 வேண்டும், அதற்கு மேலே சி, கொன்ரெய்னர் இழுக்கிறதென்றால் சிஈ. வகுப்பு இல்லாத சாரதி ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும் என்று ஓனருக்கு நன்றாகத் தெரியும், அதனால் இந்த இடத்தில் கதைத்துச் சமாளிக்க ஏலாது. இன்னொரு வகுப்பு ஏற்றவேண்டுமென்றால் போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மெடிக்கலை எடுத்துக்கொண்டு கச்சேரியில் உள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். நீதிமன்றம் லைசென்ஸை நிறுத்திவைத்த காலம் முடிந்திருந்தால் அதைத் திருப்பிக் கையில் எடுத்த பிறகுதான் வேலை கேட்கப் போகவேண்டும். "அடுத்த கிழமை வந்திடும் அண்ணை" என்பதை ஓனர்மார் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டார்கள்.

எல்லா வழக்கையும் ஓனர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வெறியில் ஓடின வழக்குத்தான் அவர் அதிகம் பயப்படுவது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது சட்டம் போட்ட எல்லை, அதற்கு மேலே பிடிபட்டால் தண்டம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்கும், லைசென்ஸும் நிற்கும். தண்டம் உங்களோடு போய்விடும். ஆனால் விபத்து என்று வந்தால் காப்புறுதி காசு தராது, லொறி பொலிஸில் நிற்கும், லீசிங் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும், இதுதான் அவர் தலைக்குள் ஓடுவது. ஆகவே "நான் இப்ப விட்டிட்டன்" என்று மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. "காலமை உங்கட வீட்டை வந்து நேர உங்களைக் கண்டுதான் திறப்பு வாங்குவன், பின்னேரம் லொறியை உங்கட வளவுக்குள்ள விட்டிட்டுத் திறப்பைத் தந்திட்டுப் போவன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். தினமும் இரண்டு தரம் உங்கள் முகத்தைப் பார்க்கிற ஓனருக்குப் பயம் தானாகக் குறையும். உண்மையில் இன்னும் குடி விடவில்லை என்றால் தயவுசெய்து லொறி வேலை தேடவேண்டாம். ஏ9 வீதியில் இரவில் கட்டாக்காலி மாடு படுத்திருக்கும், லைற் இல்லாத சைக்கிள் வரும், பாரம் ஏற்றின லொறி நினைத்த இடத்தில் நிற்காது.

அடிதடி வழக்கென்றால் பிரச்சினை லொறியைத் தேடி வருமா என்றுதான் ஓனர் யோசிப்பார். பழைய கூட்டாளிமாரோடு இப்போது தொடர்பில்லை என்பதை உங்கள் வாயால் சொல்வதைவிட வேறொருவர் சொன்னால்தான் எடுபடும். களவு வழக்குத்தான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் லொறியில் ஏற்றுவது மற்றவன் பொருள். அந்த வழக்கு உள்ளவர்கள் ஏஜென்சிகளின் பிஸ்கட், சோடா லொறிகளைக் கேட்கவேண்டாம், அங்கே சாரதியும் கடைக்கடையாகக் காசு சேர்க்கவேண்டி வரும். சீமெந்துக் கல், சல்லி, குடிதண்ணீர் பவுசர் மாதிரி காசு கையில் புழங்காத வேலைகளைக் கேளுங்கள், கொஞ்சக் காலம் போக மற்றதுகளும் திறக்கும்.

சரி, எப்படிச் சொல்வது? போனில் சொல்லவேண்டாம், நேரில் போங்கள், சம்பளம் பேச முன்னமே சொல்லிவிடுங்கள். இப்படி: "அண்ணை, வேலை கதைக்க முன்னம் ஒண்டு சொல்லிப்போட்டுக் கதைக்கிறன். ரெண்டு வரியத்துக்கு முன்னம் வெறியில மோட்டச்சைக்கிள் ஓடிப் பிடிபட்டு, கோட்டில தண்டம் கட்டினனான், லைசென்ஸும் ஆறு மாசம் நிண்டது. இப்ப கையில இருக்கு. கோட்டுப் பேப்பர் இந்தா. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை." அவ்வளவுதான், அதோடு நிறுத்துங்கள். அன்றைக்குக் கூட்டாளி கூப்பிட்டவன், பொலிஸ்காரன் வேணுமென்று பிடித்தவன் என்று தொடங்கினால் கேட்கிறவருக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், இருக்கட்டும். பிறகு "உன்னை ஆருக்குத் தெரியும் தம்பி?" என்று கேட்பார், அநேகமாக எல்லாரும் கேட்பது இதைத்தான்.

அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கவேண்டும். விதானையாரிடம் நற்சான்றிதழ் எடுத்து வைப்பது நல்லது, ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்கிற கடிதம் என்று ஓனருக்குத் தெரியும். ஏற்கனவே லொறி ஓடுகிற ஒருவர், நீங்கள் வாகனம் விட்டு எடுத்த கராஜ் மெக்கானிக், பங்குத்தந்தை, சனசமூக நிலையத் தலைவர், இப்படி ஓனர் உடனே போன் எடுத்துக் கேட்கக்கூடிய ஆளாக இருக்கட்டும். அந்த ஆளுக்கும் வழக்கு விசயம் முழுக்கத் தெரிந்திருக்கவேண்டும். உங்களுக்காகப் பேசப் போகிறவர் ஓனர் வாயிலிருந்து அதைப் புதிதாகக் கேள்விப்பட்டால் அன்றோடு இரண்டு கதவும் சாத்தப்படும்.

எங்கே கேட்பது என்றால், பெரிய கொம்பனிகளை முதல் வருடத்துக்கு விட்டுவிடுங்கள், அங்கே பொலிஸ் அறிக்கை கேட்டு அதோடு முடித்துவிடுவார்கள், உங்கள் கதையைக் கேட்க அங்கே ஆள் இல்லை. ஒன்றோ இரண்டோ லொறி வைத்திருக்கிற தனி ஓனர்தான் உங்களுக்குச் சரியான ஆள். அப்படியானவர்களை மருதனார்மடம், திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் சந்தைகளில் பாரம் ஏற்றுகிற நேரத்தில் பார்க்கலாம், ஆனால் ஏற்றிக்கொண்டிருக்கும்போது போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள், முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பாருங்கள். உதயன் பேப்பர் விளம்பரத்தையும் பாருங்கள், ஆனால் எந்த ஓனருடைய றைவர் நின்றுவிட்டார் என்ற கதை முதலில் வருவது கராஜுக்கும் ரயர்க் கடைக்கும். தை, மாசியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காலபோக அறுவடை தொடங்கினால் நெல் ஏற்ற லொறிக்கும் ஆளுக்கும் அந்தரமாக இருக்கும், வேறு நேரத்தில் இல்லை என்றவர்களும் அப்போது ஓம் என்பார்கள்.

என் எண்ணத்தில் முதல் வேலைக்கு ஹாட்வெயார் கடை லொறி மிக நல்லது. சீமெந்தும் கம்பியும் மாவட்டத்துக்குள்ளேயே இறக்கிவிட்டு இரவில் வீட்டுக்கு வந்துவிடலாம், ஒழுங்கைக்குள் ரிவர்ஸ் எடுத்து எடுத்துக் கை பழகும், முதலாளியும் நாள் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் ஓடுகிற மரக்கறி, மீன் லொறியில் உடனே ஸ்டியரிங் கேட்காமல் கிளீனராக ஏறுங்கள். படங்கு இழுத்துக் கயிறு கட்டுவது, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது, மதவாச்சிக்குப் பிறகு கண் சொருகும்போது எங்கே ஒதுக்கிப் படுப்பது, இதெல்லாம் அங்கேதான் பிடிபடும். மூத்த சாரதி ஒருவர் "பொடியன் நல்லா ஓடுவான்" என்று ஓனரிடம் ஒரு சொல் சொன்னால் நீங்கள் கொண்டுபோன எல்லாக் கடிதத்தையும்விட அது பெரிது.

ஓடிக் காட்டச் சொன்னால் நேரே ஏறி ஸ்டார்ட் பண்ணவேண்டாம். லொறியை ஒருக்கால் சுற்றி வாருங்கள். பின்னுக்கு உள்ள சோடி ரயருக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா, சில்லு நட்டு எல்லாம் இருக்கிறதா, அடியில் ஒயில் சொட்டினதா என்று குனிந்து பாருங்கள். காற்றுப் பிரேக் என்றால் மீற்றரில் காற்று ஏறும்வரை பொறுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனரைக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள், அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே பிரேக். ஓனர் வேகத்தைப் பார்ப்பதில்லை, இந்தச் சின்ன விசயங்களைத்தான் பார்ப்பார்.

இனி முக்கியமான விசயம். பழைய வழக்கு உள்ள பொடியனைத் தேடி வருகிற ஆட்களும் இருக்கிறார்கள். பெர்மிட் இல்லாத மணல், காட்டு மரம், இரவில் மாடு, என்ன பெட்டி என்று சொல்லாத பெட்டி. வழக்கைப் பற்றிக் கேட்கமாட்டார், லைசென்ஸையும் பார்க்கமாட்டார், வழமையான ட்ரிப் காசைவிடக் கூடத் தருவதாகச் சொல்வார், "பொலிஸை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்பார். மறித்தால் பிடிபடுவது ஸ்டியரிங்கில் இருக்கிற நீங்கள்தான், அப்போது உங்கள் பழைய வழக்கு இன்னொரு தடவை வாசிக்கப்படும். மணல் ஏற்றுவது சட்டப்படி செய்யக்கூடிய வேலைதான், ஆனால் பெர்மிட்டை உங்கள் கையில் வாங்கி, திகதியும் வாகன இலக்கமும் அந்த லொறியோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே திறப்பைத் திருப்புங்கள். காட்டமாட்டேன் என்றால் இறங்கி வாருங்கள், ஒரு நாள் சம்பளம்தான் போகும்.

வேலை சரிவந்த பிறகு சம்பளம் மாதமா ட்ரிப்புக்கா, சாப்பாட்டுக் காசு ஆருடையது, வீதியில் வருகிற தண்டத்தை ஆர் கட்டுவது என்று முதல் நாளே பேசுங்கள். பாரம் கூட ஏற்றச் சொன்னது ஓனர் என்றால் அந்தத் தண்டம் அவருடையது. மாதச் சம்பளம் என்றால் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கேளுங்கள், சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், அவர் பங்கு 12, ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவருடையது. வழக்கு இருக்கிறதென்று கூசிக்கொண்டு இதைக் கேட்காமல் விடாதீர்கள். கனரக வகுப்பு நாலு வருடத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கவேண்டியது என்பதையும் நினைவில் வையுங்கள். என்றைக்காவது அந்த வேலையை விட்டு நிற்கும்போது, எந்த லொறி, எந்தப் பாதை, எப்போதிலிருந்து எப்போது வரை, விபத்து ஏதும் இல்லை என்று நாலு வரியில் ஓனரிடம் கடிதம் எழுதி வாங்குங்கள், கீழே அவருடைய போன் நம்பரும் இருக்கட்டும்.